அந்தமானில் எங்கே தங்குவது?

விடுமுறை என்றால் ஊருக்குப் போவதுதான் நம் வழக்கம். இரண்டு இரவுகளை ரயிலில் கழித்து, அம்மா கையால் நாலு நாள் சாப்பிட்டு, மறுபடியும் அதே ரயிலில் திரும்புகிறோம். குறுகிய விடுமுறைகளில் அதற்கும் வழியில்லை. அப்படிக் கிடைத்த ஒரு மார்ச் மாத விடுமுறையில் நம் சங்க நண்பர்கள் ஐவர் சேர்ந்து அந்தமான் சென்று வந்தோம். திரும்பிய நாள் முதல், "நாங்களும் போகலாம் என்றிருக்கிறோம், எந்த ஓட்டலில் தங்கினீர்கள்?" என்று கேட்காதவர் இல்லை. ஒவ்வொருவருக்காகச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. ஆகவே எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஒரு சொல் விளக்கம் முதலில். 'விடுதி' என்றவுடன் நம் எல்லோர் கண்முன்னும் வந்து நிற்பது தண்ணீர்ப் பருப்பும் ஆறிய சப்பாத்தியும்தான். குழப்பம் நேராதிருக்க, அயலூரில் காசு கொடுத்துத் தங்கும் இடத்தை இக்கட்டுரையில் 'ஓட்டல்' என்றே குறிப்பிடுகிறேன்.

நாங்கள் அந்தமானுக்குப் போனது பறவையையும் பவளத்தையும் ஆமையையும் காண்பதற்காக. ஆனால் ஓட்டலைத் தேர்ந்தெடுத்தபோது இவற்றில் ஒன்றையேனும் நினைத்தோமா? இல்லை. அறையின் படம் அழகாக இருந்தது. காலைச் சிற்றுண்டி இலவசம் என்றார்கள். ஆறு இரவுகளுக்குச் சேர்த்து எடுத்தால் வாடகையில் தள்ளுபடி என்றார்கள். இலவசம், தள்ளுபடி என்ற இரு சொற்களைக் கேட்ட மாணவனுக்கு மூன்றாவது சொல் காதில் விழுமா? ஆறு இரவுக்கும் தலைநகரின் நடுவே ஒரே ஓட்டலில் பணத்தைக் கட்டிவிட்டோம். (தலைநகர் என்பது போர்ட் பிளேயர், 2024ஆம் ஆண்டு அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்.) அந்தத் தவற்றிலிருந்து நாங்கள் கற்ற பாடமே இக்கட்டுரை.

ஓட்டலுக்கும் உயிரினத்துக்கும் என்ன தொடர்பு?

காட்டு விலங்கைக் காண மற்ற இடங்களுக்குச் செல்வோர் பலர் காட்டின் உள்ளேயோ ஓரத்திலேயோ ஒரு வன மாளிகையில் தங்குவதுண்டு. அந்தமானில் அது எளிதன்று. அந்தமான் நிக்கோபார் இரண்டையும் சேர்த்து, தீவுகளும் திட்டுகளும் பாறைகளுமாக எண்ணினால் 836 என்று அரசுக் கணக்குச் சொல்கிறது. மக்கள் வாழ்பவை முப்பத்தொன்று மட்டுமே. எஞ்சியவற்றில் பல, காப்பிடங்கள். பகலில் போய் வர அனுமதிக்கப்படும் தீவுகளிலும் இரவு தங்க இடமில்லை. ஆகவே சுற்றுலாப் பயணி ஒவ்வொரு நாளும் ஓட்டலிலிருந்து கிளம்பி, கண்டு, ஓட்டலுக்கே திரும்ப வேண்டியவனாகிறான். ஓட்டல் எங்கே இருக்கிறதோ, அங்கிருந்து போய் வரக்கூடிய தூரந்தான் அவன் காணும் உலகம்.

இரண்டாவது காரணம் கதிரவன். அந்தமான் நாட்டின் கிழக்குக் கோடியில் உள்ளது. கடிகாரமோ நாடு முழுவதற்கும் ஒன்றே. அதனால் அங்கே டிசம்பர் மாதத்தில் காலை ஐந்தரை மணிக்குப் பொழுது புலர்கிறது. மாலை ஐந்து மணிக்கெல்லாம் அந்தி சாய்ந்துவிடுகிறது. பறவைகள் மிகுதியாகப் பாடுவதும் இரை தேடுவதும் விடிந்த முதல் இரண்டு மணி நேரத்தில். எங்கள் ஓட்டலில் இலவசச் சிற்றுண்டி எப்போது தெரியுமா? எட்டு மணிக்கு! இட்டிலிக்காகக் காத்திருந்து, அதை உண்டு, வண்டி பிடித்துக் காட்டோரம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. மரங்கள் இருந்தன, வெயில் இருந்தது, பறவைகள் மட்டும் இல்லை. இலவசமாகக் கிடைத்த சிற்றுண்டிக்கு நாங்கள் கொடுத்த விலை அது.

முதலில் உயிரினம், பிறகு படுக்கை

எதைக் காண விரும்புகிறோம் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். அது எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்த நேரத்தில் காணக்கூடியது என்று அறிய வேண்டும். அதன் பின்னரே ஓட்டல்.

அந்தமானில் புலி இல்லை, சிறுத்தை இல்லை. காட்டுப்பன்றியும் பழந்தின்னி வௌவாலும் மரநாயும் உண்டு. புள்ளிமான் வெள்ளையர் கொண்டுவந்து விட்டது. ஆகவே பெரு விலங்கை எதிர்பார்த்துப் போகிறவன் ஏமாறுவான். அத்தீவுகளின் செல்வம் பறவையும் கடலுமே.

பறவைப் பித்துள்ளவர்கள் தெற்கு அந்தமானில் இரண்டு மூன்று இரவுகள் தங்கலாம். அந்தமான் மரங்கொத்தி, அந்தமான் வால்காக்கை, அந்தமான் கரிச்சான், அந்தமான் பாம்புண்ணிக் கழுகு என்று, இத்தீவுகளுக்கே உரிய பறவைகள் பல அங்கே உள்ளன. தலைநகருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது சிடியா டாப்பு. இந்தியில் 'சிடியா' என்றால் பறவை. பெயரே வழி சொல்கிறது. அங்கே விடியலிலும் வேண்டும், இருட்டிய பின்னரும் வேண்டும். ஏனெனில் அத்தீவுகளுக்கே உரிய ஆந்தைகள் இரவில்தான் குரல் கொடுக்கும். நகரில் தங்குபவன் இருட்டில் 25 கிலோமீட்டர் திரும்ப வேண்டியதை எண்ணி, ஆந்தை விழிக்கும் நேரத்தில் வண்டி ஏறிவிடுகிறான். நகருக்குத் தெற்கே, அச்சாலையை ஒட்டி அறை கிடைக்குமானால் அதுவே மேல். சிப்பிகாட் என்னும் இடத்தையும் மறக்க வேண்டாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலம் தாழ்ந்தது; வயல்களில் கடல்நீர் புகுந்து நிலைத்துவிட்டது. உழவர்க்கு அது பேரிழப்பு. இன்று அந்த நீர்நிலைகளில் நீர்ப்பறவைகள் வந்து தங்குகின்றன.

பவளத்தைக் காண விரும்புவோர் வண்டூருக்குப் போகிறார்கள். 1983ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவின் வாயில் அதுவே. சுமார் 281 சதுர கிலோமீட்டர் பரப்பும் பதினைந்து தீவுகளும் கொண்டது அப்பூங்கா. பயணிகளுக்குத் திறந்திருப்பவை ஜாலிபாய், ரெட்ஸ்கின் என்ற இரண்டே தீவுகள். அவையும் ஒரே சமயத்தில் திறப்பதில்லை. ஆண்டின் ஒரு பகுதியில் ஒன்று, மறு பகுதியில் மற்றொன்று. ஒன்றில் மனிதர் கால் படும்போது மற்றொன்று இளைப்பாறுகிறது. திங்கட்கிழமை விடுமுறை. முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பிளாஸ்டிக் பை, பாட்டில் எதையும் கொண்டுபோகக் கூடாது. காலையிலேயே படகு புறப்பட்டுவிடும். ஆதலால் முந்திய இரவு வண்டூர்ப் பக்கம் தங்கினால் அலைச்சல் குறையும். வேறு வசதி இல்லையேல் நகரில் தங்கியும் போகலாம்; விடியற்காலையில் எழும் மனம் வேண்டும், அவ்வளவே.

நீந்தத் தெரியாதவர்கள் நம்மில் பலர். அவர்கள் மனம் தளர வேண்டாம். நீல் தீவு (2018 முதல் ஷாகித் தீவு) அவர்களுக்காகவே அமைந்தது போன்றது. கடல் வற்றும் நேரத்தில் அதன் லட்சுமண்பூர்க் கரையில் பாறைக் குழிகளில் நீர் தேங்கி நிற்கும். கடல் வெள்ளரி, நட்சத்திர மீன், நண்டு, சிறு மீன்கள், வாய்த்தால் சாக்குக்கணவாய் ஆகியவற்றை முழங்காலளவு நீர்கூட இன்றிக் காணலாம். உயிருள்ள பவளத்தின்மேல் கால் வைக்காமல் மணலிலும் வெறும் பாறையிலுமே நடக்க வேண்டும். இங்கே முக்கியமானது கடல் வற்றும் நேரம். அது நாளுக்கு நாள் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மிகுதியாக உள்வாங்கும். பஞ்சாங்கம் பார்த்துப் பயணம் வைக்கும் நம் பாட்டிமார்களைக் கேலி செய்தவர்கள் நாம். நீல் தீவுக்குப் போவதானால் நாமும் பஞ்சாங்கம் பார்த்தே ஆக வேண்டும்! தீவு சமதளம், வாடகைச் சைக்கிளில் சுற்றிவிடலாம்.

ஹாவ்லாக் (2018 முதல் ஸ்வராஜ் தீவு) எல்லோரும் அறிந்தது. அங்கே ஓட்டல்கள் பெரும்பாலும் கிழக்குக் கரையில் உள்ளன. புகழ்பெற்ற ராதாநகர்க் கடற்கரையோ மேற்கே, படகுத் துறையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். கிழக்குக் கரையில் கடல் வற்றினால் வாசலில் நீருக்குப் பதில் பாறையும் சேறும் தெரியும். படத்தில் நிரம்பிய கடலைக் கண்டு முழு வாடகை கொடுத்தவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்தோம். ஆனால் பறவையும் நண்டும் தேடுபவனுக்கு அந்த வற்றிய கடலே விருந்து. ஒரே காட்சி, ஒருவனுக்குக் குறை, மற்றொருவனுக்கு நிறை.

கடலாமைக்காகப் போகிறவர்கள் வடக்கே செல்ல வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம். அதன் பின் சில வாரங்கள் குஞ்சுகள் வெளிவரும் காலம். ரங்கத்தை அடுத்த கத்பர்ட் விரிகுடாவும், திக்லிபூரை அடுத்த காளிப்பூரும் இதற்குப் பெயர் பெற்றவை. ஆமை வருவது இரவில். ஆகவே கடற்கரைக்கு நடந்து செல்லும் தொலைவிலேயே தங்க வேண்டும். வனத்துறையினரிடம் அனுமதி பெற்று, அவர்களுடன் சென்று, கைவிளக்கை அணைத்துவிட்டு, ஆமையின் பின்புறம் அமைதியாக நிற்க வேண்டும். காளிப்பூரில் தங்குபவர்களுக்கு மற்றொரு வசதியும் உண்டு. அந்தமானின் உயர்ந்த சிகரமான, 732 மீட்டர் உயரமுள்ள சாடில் பீக்கின் காட்டுப் பாதை அருகிலேயே தொடங்குகிறது.

வடக்கே செல்லும் நெடுஞ்சாலை ஜாரவா மக்களின் காப்பிடத்தினூடே செல்கிறது. குறித்த நேரங்களில் வண்டிகளை வரிசையாகச் சேர்த்துத்தான் அனுப்புவார்கள். வழியில் நிற்பதோ படம் பிடிப்பதோ சட்டப்படி குற்றம். 'விலங்கு காணும் பயணம்' என்று கிளம்பி, மனிதர்களை வேடிக்கைப் பொருளாக்கிவிட்டுத் திரும்புவதைவிடப் பெரிய கீழ்மை வேறில்லை. "ஜாரவாவைக் காட்டுகிறோம்" என்று ஓர் ஓட்டல்காரர் சொன்னால், அந்த ஓட்டலை விட்டு அப்போதே வெளியேறிவிடுங்கள்.

இரவுகளைப் பங்கிடுவது

எட்டு இரவுகள் உண்டு என்று வைத்துக்கொள்வோம். தெற்கு அந்தமானில் பறவைக்கும் வண்டூருக்குமாக மூன்று. நீல் அல்லது ஹாவ்லாக்கில் மூன்று. பிறகு தலைநகருக்குத் திரும்பி இரண்டு என்று வகுக்கலாம். ஆமைக் காலமாயின் தீவை விட்டு வடக்கே போகலாம். ஆனால் சாலைப் பயணமே போக ஒரு பகல், வர ஒரு பகலை விழுங்கும். எட்டு நாளில் எல்லாவற்றையும் காண நினைத்தால் படகையும் பேருந்தையும் மட்டுமே கண்டு திரும்புவோம்.

ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள்: கடைசி இரவு தலைநகரில் இருக்க வேண்டும். காற்றும் மழையும் மிகுந்தால் தீவுகளுக்கிடையே ஓடும் படகுகள் நின்றுவிடும். நீல் தீவில் நீங்கள், விமான நிலையத்தில் உங்கள் விமானம், இடையில் கொந்தளிக்கும் கடல் என்றால் எந்தப் பேராசிரியரிடம் போய் வருகைப் பதிவு கேட்பது? டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அப்போதும் இந்த விதியைக் காப்பதே அறிவு.

ஓட்டல்காரரிடம் கேட்க வேண்டியவை

பணம் கட்டுமுன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். அந்தமானில் வங்காளமும் இந்தியும் போலவே தமிழும் பரவலாக வழங்குகிறது; தயங்காமல் தமிழிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது: விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு தேநீரும், கையில் கட்டிக்கொடுக்கும் சிற்றுண்டியும் கிடைக்குமா? "கிடைக்கும்" என்று சொல்கிறவர், விருந்தாளி எதற்காக வருகிறான் என்பதை அறிந்தவர்.

இரண்டாவது: இரவில் கடற்கரை பக்கம் எத்தனை விளக்குகள் எரியும்? இதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

மூன்றாவது: அருகில் உப்பங்கழி உண்டா? குப்பையையும் சமையற்கட்டுக் கழிவையும் என்ன செய்கிறீர்கள்? அந்தமானின் கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன, கடலிலும் நீந்தும். 2010ஆம் ஆண்டு ஹாவ்லாக்கில் கடலில் இறங்கிய அயல்நாட்டுப் பெண் ஒருவர் முதலைக்குப் பலியானார். இறைச்சிக் கழிவைக் கழியில் கொட்டுவது முதலைக்கு அழைப்பு விடுப்பதற்குச் சமம். எச்சரிக்கைப் பலகை இருக்கும் கரையில் கால் நனைக்கக்கூட இறங்காதீர்கள்.

நான்காவது: தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அத்தீவுகள் மழையை நம்பி வாழ்பவை. மார்ச், ஏப்ரலில் குடிநீருக்குத் தட்டுப்பாடு வரும். நீச்சல் குளமும் பெரிய தொட்டியும் உள்ள அறையை நாடுவோர், கடல் சூழ்ந்த ஊரில் அண்டை வீட்டுக் குடத்திலிருந்து எடுத்துக் குளிக்கிறார்கள் என்பதை நினைக்க வேண்டும். நமக்கோ வாளியும் குவளையும் பழக்கந்தானே!

ஐந்தாவது: அறை எத்தனை பேருக்கு? அரசு விருந்தினர் இல்லங்களும் எளிய குடில்களும் ஆங்காங்கே உண்டு. மாணவருக்கு அவையே ஏற்றவை. கொசுவலை மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்; மணல் ஈக்களின் கடிக்கு நானே சாட்சி.

விளக்கின் கதை

மூன்றாம் நாள் மாலை. நகரத்து ஓட்டலிலிருந்து அலைந்து களைத்து, ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் தமிழர், அவருடைய தந்தை இராமநாதபுரத்திலிருந்து வந்தவராம். எங்கள் புலம்பலைக் கேட்டுச் சிரித்தார். "தம்பி, கடலைப் பார்க்க வந்துட்டு டவுன்லே படுத்துக் கிடந்தா எப்படி? மீன் பிடிக்கிறவன் சந்தையிலேயா தூண்டில் போடுவான்?" என்றார். அன்றிரவே முடிவு செய்தோம். கட்டிய பணம் போனால் போகிறதென்று, மறுநாட்காலைப் படகில் வேறொரு தீவுக்குப் போனோம்.

அங்கே கரையோரம் ஒரு ஓட்டல் கிடைத்தது. தென்னை மரம்தோறும் சரவிளக்கு. மணலை நோக்கிப் பெரிய விளக்குகள். தீபாவளி போல் இருக்கிறதே என்று மகிழ்ந்து, அந்த ஒளியில் நெடுநேரம் பாட்டும் பேச்சுமாய்க் கழித்தோம்.

விடியற்காலையில் எங்களில் ஒருவன் ஓடிவந்து எழுப்பினான். மணலில் சிறுசிறு தடங்கள். தையல் போட்டதுபோல் நெருக்கமாக. தடங்கள் கடலை நோக்கிச் செல்லவில்லை. கடலுக்கு முதுகு காட்டி, தென்னை வரிசையை நோக்கி வந்திருந்தன. விளக்குக் கம்பத்தின் அடியில் ஆமைக் குஞ்சுகள் கிடந்தன. சில காய்ந்து போயிருந்தன. சிலவற்றை எறும்பு மொய்த்திருந்தது. சிலவற்றை நாய் கடித்துப் போட்டிருந்தது. எண்ணினோம், பதினேழு. உயிரோடிருந்த நான்கை, அவ்வழியே வந்த மீனவர் ஒருவர் காட்டிய இடத்தில் ஈர மணலில் விட்டோம். அவை தாமாகவே ஊர்ந்து அலைக்குள் போயின.

முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக் குஞ்சு, இருளில் எந்தத் திசை வெளிச்சமாக இருக்கிறதோ அத்திசையில் ஊரும். மனிதர் இல்லாத கரையில் அந்த வெளிச்சம் கடலின்மேல் உள்ள வானம்; ஆகவே அது தவறாமல் கடலை அடையும். நாம் விளக்கேற்றிய கரையிலோ அதே அறிவு அதைக் கொன்றுவிடுகிறது. அந்த விளக்குகள் எங்களைப் போன்ற விருந்தாளிகளுக்காகவே எரிந்தன. எதைக் காண ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் கடந்து போனோமோ, அது எங்கள் வாசல்வரை வந்து, எங்களாலேயே மடிந்து கிடந்தது.

ஓட்டல்காரரிடம் சொன்னோம். கோபிப்பார் என்று நினைத்தோம். "விளக்கு இல்லாவிட்டால் ஆட்கள் குறை சொல்கிறார்களே" என்றார். "நாங்கள் சொல்ல மாட்டோம்" என்றோம். அன்றிரவு எங்கள் பக்கத்து விளக்குகளை மட்டும் அணைத்தார். கண் பழகியதும் விண்மீன்கள் தெரிந்தன. அலை புரண்ட இடங்களில் நுண்ணுயிர்களின் நீல ஒளி மின்னி மறைந்தது. முந்திய இரவும் அவை அங்கேயே இருந்திருக்கும். எங்கள் சரவிளக்கே மறைத்திருக்கிறது.

முடிவாக

ஓட்டல்காரர் விருந்தாளி கேட்பதைச் செய்கிறார். பத்துப் பேர் விளக்குக் கேட்டால் விளக்கு. பத்துப் பேர் இருள் கேட்டால் இருள். ஆகவே ஓட்டலைத் தேர்ந்தெடுப்பது நம் வசதியைத் தேர்ந்தெடுப்பது மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் கரை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நாம் போடும் வாக்குச்சீட்டும் அதுவே.

நண்பர்களே, அடுத்த விடுமுறையில் அந்தமான் செல்வோர் சங்க அறையில் என்னைப் பாருங்கள். நாங்கள் வைத்திருக்கும் படக்குறிப்பும் ஒரு தொலைநோக்காடியும் இரவல் தருகிறேன். திரும்பி வந்ததும், "எந்த ஓட்டலில் தங்கினாய்?" என்று நான் கேட்கப் போவதில்லை. "இரவில் இருட்டாக இருந்ததா?" என்றுதான் கேட்பேன்.